வெள்ளைக் களிம்பை எப்போது நிறுத்துவது? (கஞ்சி கொட்டிய புண், இன்று 16-ஆம் நாள்)

செல்வி_கும்பகோணம் | இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. 16 நாளுக்கு முன்னால் சாதம் வடிக்கும்போது தட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டிவிட்டது. முழங்கைக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை. நான் ஆபீஸில் இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவை அள்ளிப் பூசியிருக்கிறார். நான் வந்து பார்த்தபோது கையில் பாதி மாவு, பாதி கொப்புளம்.

டாக்டரிடம் போனோம். கழுவிவிட்டு, டி.டி. ஊசி போட்டு, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு எழுதிக் கொடுத்தார். காலை, மாலை. எத்தனை நாள் என்று கேட்டதற்கு "ஆறுற வரைக்கும் போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

இப்போது இரண்டாவது டப்பா ஓடுகிறது. புண் மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படலம். அத்தை அது சீழ் என்கிறார். தம்பி களிம்பை மாற்றிப் பார்க்கலாம் என்கிறான். நிறுத்தினால் செப்டிக் ஆகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ஆறுகிற வரைக்கும் என்றால் எது வரைக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்பளக்கட்டு | இரவு 9:52

இட்லி மாவா! எங்கள் வீட்டில் பேஸ்ட். தாத்தா காலத்தில் இங்க் பாட்டில். தலைமுறைக்கு ஒரு சரக்கு. அம்மா சீக்கிரம் குணமாகட்டும் செல்வி.

மருந்துக்கடை_மதுரை | இரவு 10:15

தங்கச்சி, டப்பாவோடு வருகிற தாளைப் பிரித்துப் படியுங்கள். திருப்தியாக ஆறும் வரை, அல்லது தோல் ஒட்டு வைக்கப் புண் தயாராகும் வரை தொடரவும், தொற்று வர வாய்ப்பு இருக்கும்வரை நிறுத்தக் கூடாது என்கிற அர்த்தத்தில்தான் போட்டிருக்கும். டாக்டர் சொன்னதும் அதுவே. 16 நாள் என்பதெல்லாம் பெரிய கணக்கே இல்லை. என் கடையில் இரண்டு மாதம் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாமல் முன்பு எப்போதாவது தடிப்பு வந்திருக்கிறதா? இது சல்ஃபா கலந்த களிம்பு. வந்திருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | இரவு 10:48

செல்வி, நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் 11 வருஷம் இருந்தவள். தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் புண்ணை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தர முடியும். முதலில் எனக்குச் சில விவரங்கள் வேண்டும்.

புண் எவ்வளவு பெரிது? அம்மாவின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் எத்தனை கை அகலம்? (ஒரு கை அகலம் என்பது உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம்.) ஒவ்வொரு முறையும் பழைய களிம்பை முழுக்கக் கழுவி எடுக்கிறீர்களா, இல்லை அதன் மேலேயே புதிதாகப் பூசுகிறீர்களா? அந்த மஞ்சள் படலம் ஈரக் காஸ் துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வருகிறதா, ஒட்டியே நிற்கிறதா? வந்தால் அடியில் என்ன நிறம்? நாற்றம் உண்டா? வலி முதல் வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ராத்திரி வேண்டாம். காலையில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

செல்வி_கும்பகோணம் | இரவு 11:05

சிஸ்டர், முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கழுவவே இல்லை. தண்ணீர் பட்டால் புண் ஊறிவிடும் என்று அம்மா கையைப் பாலித்தீன் பை கட்டித்தான் குளிக்கிறார். களிம்பு மேல் களிம்பாகத்தான் பூசிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | இரவு 11:12

பத்தில் எட்டு வீட்டில் இந்தக் கதைதான். திட்ட மாட்டேன், தூங்குங்கள்.

காலையில் வலி மாத்திரை ஒன்று கொடுத்து அரை மணி கழித்து, குழாய்த் தண்ணீரும் சாதாரண சோப்பும் வைத்து மெதுவாகக் கழுவுங்கள். உங்கள் கையை முதலில் கழுவிக்கொள்ளுங்கள். நகத்தால் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. ஈரக் காஸை மேலே வைத்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டால் வருவது வரும். வராததை விட்டுவிடுங்கள்.

செல்வி_கும்பகோணம் | மறுநாள் காலை 8:20

கழுவியாகிவிட்டது. அம்மா அழுதார், வலியைவிடப் பயம்தான் அதிகம்.

அளவு இரண்டு கை அகலம் வருகிறது. மஞ்சள் படலம் ஊறினதும் பால் ஆடை போல வழித்துக்கொண்டு வந்துவிட்டது. நாற்றம் இல்லை. அடியில் ரோஜா நிறம். ஓரங்களில் மெல்லிய பளபளப்பு, வெங்காயத்தின் உள்தோல் மாதிரி. நடுவில் அங்கங்கே முத்து முத்தாகச் சிறிய வெளிறிய புள்ளிகள். தொட்டால் எரிகிறது என்கிறார், ஆனால் முதல் வாரம் போல இல்லை.

ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி. மணிக்கட்டுக்கு மேல், அஞ்சு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வெளுத்து, மெழுகு மாதிரி இருக்கிறது. அங்கே காஸ் பட்டதே அம்மாவுக்குத் தெரியவில்லை. கஞ்சி அந்த இடத்தில் வளையலுக்கு அடியில் போய்த் தங்கியிருந்ததாம்.

சர்க்கரை போன வாரம் சாப்பாட்டுக்குப் பின் 240.

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | காலை 9:05

அருமையாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஹவுஸ் சர்ஜன் கூட இப்படிக் கேஸ் எழுத மாட்டான்.

இப்போது கேளுங்கள். அந்த மஞ்சள் ஆடை சீழ் இல்லை. களிம்பும் புண்ணிலிருந்து வடிகிற நீரும் கலந்து உறைந்தது. சில்வர் களிம்பு போட்ட புண்ணில் பெரும்பாலும் வரும். வார்டில் "போலிப் பொருக்கு" என்போம். அதைக் கழுவாமல் விட்டால் இரண்டு கெடுதல். அடியில் புண் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதுக் களிம்பும் புண்ணைத் தொடாது, ஆடை மேல்தான் இருக்கும்.

வெங்காயத் தோல் என்றீர்களே, அதுதான் புதுத் தோல். ஓரத்திலிருந்து உள்ளே நடந்து வருகிறது. நடுவில் முத்துப் புள்ளிகள் என்றது மயிர்க்கால்களிலிருந்து முளைக்கிற தோல். ஒவ்வொரு புள்ளியும் விரிந்து ஒன்றோடு ஒன்று சேரும். மேல்தோலோடு கொஞ்சம் ஆழம் போன காயம் இரண்டு, அதிகம் போனால் மூன்று வாரத்தில் இப்படித்தான் மூடும். அந்தப் பகுதிக்கு இனி இந்தக் களிம்பு தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். என் அனுபவத்தில் அது நிறுத்துகிற இடம்.

மணிக்கட்டுக்கு மேலே இருக்கிற வெள்ளை இடம் தனிக்கதை. தொட்டால் தெரியவில்லை என்றால் ஆழமாகப் போயிருக்கலாம். மூட்டுப் பக்கம், சர்க்கரை வேறு. மூன்று வாரத்தில் மூடாத தீக்காயம் தடித்த தழும்பாகும், மூட்டு அருகே இருந்தால் இழுத்துப் பிடிக்கும். உங்களுக்கு 21 ஆக நாலு நாள்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிற மருத்துவமனையில் இந்த வாரமே காட்டுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே.

மருந்துக்கடை_மதுரை | காலை 10:30

சிஸ்டர் மேல் மரியாதை உண்டு. ஆனால் கம்பெனியே ஆறும் வரை போடு என்கிறது, நீங்கள் 17-ஆம் நாள் நிறுத்து என்கிறீர்கள். நிறுத்திய பிறகு சீழ் பிடித்தால் யார் பொறுப்பு? ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நாங்களே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிளாஸ்டிக்_பிஜி | பிற்பகல் 2:40

ஆபரேஷன் தியேட்டர் வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் பிளாஸ்டிக் சர்ஜரி படித்துக்கொண்டிருக்கிறேன். முருங்கைக்காய் மாதிரி நீளப் பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் அந்த மருந்து பிறந்த கதையில் இருக்கிறது.

1960-களுக்கு முன் உடம்பில் பாதி வெந்து வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் அதிர்ச்சியைத் தாண்டினாலும், அடுத்த வாரம் புண்ணில் கிருமி ஏறி இறந்துபோவார்கள். குறிப்பாகப் பச்சை நிறச் சீழ் வைக்கிற சூடோமோனாஸ். ஊசியில் ஆன்டிபயாட்டிக் போட்டும் பயனில்லை. ஏன் என்றால் வெந்து செத்த தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தத்தில் போகிற மருந்து அங்கே போய்ச் சேராது. ரத்தம் போகாத அந்தச் செத்த தோல் கிருமிக்குப் பந்தி போட்ட மாதிரி. அதனால்தான் மருந்தை வெளியிலிருந்து பூச வேண்டி வந்தது. 1965-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மோயர் குழுவினர் 0.5 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலை நனைத்துக் கட்டினார்கள். தொட்டதெல்லாம் கறுக்கும், உடம்பின் உப்பையும் உறிஞ்சிவிடும். அதே காலத்தில் டெக்சாஸின் சான் அன்டோனியோ ராணுவத் தீக்காயப் பிரிவில் மாஃபெனைடு என்ற களிம்பு. செத்த தோலை ஊடுருவிப் போகும், ஆனால் பூசினால் உயிர் போகிற எரிச்சல், ரத்தத்தில் அமிலத்தையும் ஏற்றும். 1968-இல் நியூயார்க்கில் சார்ல்ஸ் ஃபாக்ஸ் வெள்ளியையும் சல்ஃபாடயசினையும் சேர்த்து இந்தக் களிம்பைக் கொண்டுவந்தார். பூசினால் எரியாது, குளுமையாக இருக்கும். 1970-களில் உலகமெங்கும் பரவியது.

இந்த மருந்து யாருக்காக வந்தது என்று கவனியுங்கள். பெரிய காயம், நிறையச் செத்த தோல். அங்கே தொற்று என்பது உயிர்ப் பிரச்சினை. அந்த வேலைக்கு இன்றும் பயன்படுத்துகிறோம். செல்வி அம்மாவுக்கு 2 சதவீதம், அதிலும் பெரும்பகுதியில் செத்த தோலே இல்லை. வேலை இல்லாத இடத்தில் காவலாளி நின்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் காவலாளி வருகிறவன் போகிறவன் எல்லோரையும் அடிக்கிறான். வெள்ளி அயனி கிருமியை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை, முளைத்து வருகிற புதுத் தோல் செல்களையும் தாக்கும். 2013-இல் 30 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பு) அறிக்கை, ஆழம் குறைந்த காயங்களில் சில்வர் சல்ஃபாடயசின் போட்டவர்களுக்கு மற்ற நவீனக் கட்டுகளைவிட ஆறுவது தாமதமாகவே இருந்தது என்று சொன்னது. அந்த ஆய்வுகளின் தரம் சுமார்தான், அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் விஷயம். அது உடம்புக்குள் ஏற்கெனவே நோய் உண்டாக்கிய கிருமியை ஒழிக்கக் கொடுப்பது, அதற்கு நாள் கணக்கு உண்டு. இந்தக் களிம்பு வராமல் தடுக்கப் பூசுவது. கதவு மூடியதும் காவல் முடிந்தது.

எங்கள் யூனிட் வழக்கம்: மேலோட்டக் காயம் என்று தெரிந்தால் முதல் இரண்டு மூன்று நாள் வரை களிம்பு, அல்லது களிம்பே இல்லாமல் நேராகக் கொலாஜன் படலம் (புண் மேல் ஒட்டுகிற மெல்லிய புரதத் தாள்). கழுவிப் பார்த்துச் சுத்தமாக, ரோஜா நிறமாக இருந்தால் பாரஃபின் காஸுக்கு (வாசலின் மாதிரி மெழுகு தடவிய, ஒட்டாத காஸ்) மாறிவிடுவோம். ஆழமான, செத்த தோல் உள்ள இடத்தில் அது உதிரும் வரை அல்லது வெட்டி எடுக்கும் வரை களிம்பு. ஒரே கையில் இரண்டு இடத்துக்கு இரண்டு கணக்கு வரலாம். செல்வி அம்மாவுக்கு அதுதான் நடந்திருக்கிறது போலத் தெரிகிறது, பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

மருந்துக்கடை_மதுரை | மாலை 4:10

தம்பி, புரிந்தது. ஆனால் கொலாஜன் படலம் என்ன விலை என்று பாருங்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தினக்கூலி. கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரி போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. மாட்டுக்கொட்டகையில் வேலை, புழுதி, ஈ. களிம்பு கையில் இருந்தால் குறைந்தபட்சம் ஏதோ ஒன்று புண்ணை மூடியிருக்கிறது. அவர்களிடம் போய் நாளைக்கு நிறுத்து என்று நான் எப்படிச் சொல்வது?

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | மாலை 4:45

முருகா, இது நல்ல கேள்வி. களிம்பை நிறுத்து என்றால் புண்ணைத் திறந்து போட்டு வெயிலில் காய வை என்று அர்த்தம் இல்லை. களிம்பு நின்றாலும் கட்டு நிற்காது. வெறும் வாசலின் தடவிய சுத்தமான காஸ், மேலே பஞ்சுப் பேட், பேண்டேஜ். இது டப்பாவைவிட மலிவு. களிம்பு என்றால் அதையும் ஒழுங்காக, தினம் ஒரு முறையாவது முழுக்கக் கழுவிவிட்டுப் போட வேண்டும். 12, 24 மணி நேரத்துக்கு மேல் அதன் வீரியம் இருக்காது. பாரஃபின் காஸோ இரண்டு மூன்று நாள் கூடத் தாங்கும். கூலிக்காரருக்கு எது வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மாட்டுக்கொட்டகை ஆள், அழுக்கான ஆழமான புண், ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தூரம் என்றால் நானும் களிம்பைத்தான் கொடுத்து அனுப்பியிருப்பேன். புத்தகம் வேறு, புழுதி வேறு.

மருந்துக்கடை_மதுரை | மாலை 5:02

என் பெயர் முருகன் இல்லை சிஸ்டர். ஆனால் அந்த உரிமையில் கூப்பிட்டது பிடித்திருக்கிறது. 🙂

ஸ்காபரோ_கண்ணன் | இரவு 7:30

நான் கனடாவில் இருக்கிறேன். போன மாரியில் கொத்து ரொட்டி போடும்போது எண்ணெய் தெறித்துப் புறங்கை வெந்தது. இங்கே கிளினிக்கில் வெள்ளிக் களிம்பு தரவேயில்லை. பசிட்ராசின் களிம்பு, ஒட்டாத கட்டு, ஒரு கிழமை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு "அங்கத்தைய டொக்டர்மாருக்கு ஒண்டும் தெரியாது" என்று ஒரே சண்டை. ஏழு நாளில் மூடியது. ஆனால் நான் பயத்தில் இன்னும் பத்து நாள் அதே களிம்பைப் பூசினேன். பூசின இடம் மட்டும் சதுரமாகச் சிவந்து கடி. புண் திரும்ப வந்துவிட்டதென்று ஓடினால், களிம்புக்கே ஒவ்வாமை என்றார்கள்.

பிளாஸ்டிக்_பிஜி | இரவு 8:15

கண்ணன் அண்ணா சொன்னது நிறையப் பேருக்கு நடக்கிறது. பசிட்ராசின், நியோமைசின், நம் ஊர் ஃப்ராமைசெட்டின் எல்லாம் நாள் கணக்கில் பூசினால் தோல் ஒவ்வாமை வரலாம். அகலமான பச்சைப் புண்ணில் நாள்பட்டுப் பூசினால் நியோமைசின் குடும்பம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கும் காதுக்கும் கெடுதல் செய்யும். மியூபிரோசினைப் பொதுவாகப் பத்து நாளுக்கு மேல் போடச் சொல்வதில்லை. கிருமி பழகிக்கொண்டுவிடும், அப்புறம் உண்மையில் தேவைப்படும் நாளில் வேலை செய்யாது. பெரிய புண்ணில் அதன் களிம்பு அடிப்படைப் பொருளும் சிறுநீரகத்துக்கு ஆகாது. போவிடோன் அயோடினை ஆறுகிற புண்ணில் தினம் ஊற்றுவதும் வேண்டாம், அதுவும் புதுத் தோலைச் சுடும்.

சில்வர் களிம்பில் இன்னும் சில எச்சரிக்கைகள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்குக் கீழான குழந்தைகள், ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணு உடைகிற பரம்பரைக் குறை) உள்ளவர்கள் இவர்களுக்கு வேண்டாம். பெரிய காயங்களில் முதல் சில நாள் வெள்ளணு எண்ணிக்கை குறையும், பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும்.

இன்னொன்று, இது என் சொந்த எரிச்சல். படைக்குப் போடுகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தீக்காயத்தில் பூசிக்கொண்டு வருகிறார்கள். முதல் நாள் சிவப்பு குறையும், சந்தோஷமாக இருக்கும். அப்புறம் ஆறவே ஆறாது.

அப்பளக்கட்டு | இரவு 8:40

தேன்? வாழையிலை? எங்கள் தாத்தா அடுப்பில் விழுந்தபோது வாழையிலை மேல்தான் படுக்க வைத்தார்களாம்.

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | இரவு 9:10

வாழையிலை விளையாட்டு இல்லை அப்பளம். எங்கள் வார்டிலேயே கொசுவலைக்குள் இலை விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். குளுமை, முக்கியமாக ஒட்டாது. காலையில் துணி ஒட்டி உரிக்கிறபோது நோயாளி போடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். மும்பையில் உருளைக்கிழங்குத் தோலை அவித்து, காஸில் ஒட்டிக் கட்டாகவே பயன்படுத்தினார்கள், கேஸ்வானி என்ற மருத்துவர் 1985-இல் எழுதினார். பிறகு அங்கேயே வாழையிலையையும் ஒப்பிட்டுப் பார்த்து நல்லது என்றார்கள். ஆனால் அதெல்லாம் கிருமி நீக்கிய இலை. தோட்டத்தில் வெட்டிய இலையைப் பச்சைப் புண்ணில் வைக்காதீர்கள்.

தேனில் 1991-இல் சோலாப்பூரில் சுப்ரமண்யம் என்ற அறுவை மருத்துவர் 104 பேரிடம் சில்வர் களிம்போடு ஒப்பிட்டுப் பார்த்தார், தேன் பக்கம் சீக்கிரம் ஆறியது. கடைத் தேனை அப்படியே புண்ணில் ஊற்றச் சொல்லவில்லை, அதற்கென்று சுத்திகரித்த தேன் உண்டு.

ராம்நாடு_அப்பா | இரவு 11:20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்றே கால் வயது. மூன்று நாளுக்கு முன் டீ டம்ளரை இழுத்து நெஞ்சில் ஊற்றிக்கொண்டாள். சின்னப் புண்தான், ஒரு உள்ளங்கை கூட இல்லை. இதே களிம்புதான் போடுகிறோம். இன்று மாலையிலிருந்து 102 டிகிரி காய்ச்சல், இரண்டு முறை வாந்தி, சோர்ந்து படுத்திருக்கிறாள். புண் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பல் முளைக்கிற காய்ச்சலாக இருக்குமா? களிம்பை எத்தனை நாள் போடலாம்?

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | இரவு 11:23

தம்பி, களிம்புக் கணக்கை விடுங்கள். இப்போதே கிளம்புங்கள். குழந்தைகளுக்குச் சின்னத் தீக்காயத்தில் கூட, புண் சுத்தமாகத் தெரியும்போதே, கிருமியின் நச்சு ரத்தத்தில் ஏறலாம். காய்ச்சல், வாந்தி அல்லது பேதி, உடம்பில் சிவப்புத் தடிப்பு, சோர்வு. விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் "மூணு நாள் முன்னாடி தீக்காயம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக்_பிஜி | இரவு 11:31

சிஸ்டர் சொன்னதுதான். 108-க்கு அடியுங்கள், வண்டி இருந்தால் உடனே.

இழைக்காவலர் | காலை 6:00

இந்த இழையில் கிடைப்பது பொதுவான தகவல். ராம்நாடு_அப்பா போன்ற நிலையில் இருப்பவர்கள் இங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். அவர் நலமாகத் திரும்பி வந்து எழுதுவார் என்று எல்லோரும் காத்திருக்கிறோம்.

ராம்நாடு_அப்பா | மறுநாள் இரவு 9:15

சேர்த்துவிட்டோம். குளுக்கோஸும் ஆன்டிபயாட்டிக் ஊசியும் போகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது, பிஸ்கட் கேட்டாள். டாக்டர் முதல் கேள்வியே "எப்போ சுட்டுக்கிட்டா?" என்பதுதான். சிஸ்டர், நேரில் பார்த்தால் காலில் விழுவேன்.

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | இரவு 9:20

காலில் விழ வேண்டாம், டீ டம்ளரை மேஜை ஓரத்தில் வைக்காமல் இருந்தால் போதும். அடுத்த முறை (வரக் கூடாது) சுட்டவுடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர். ஐஸ் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. எந்தக் களிம்பும் அந்த 20 நிமிஷத்துக்கு ஈடு இல்லை.

செல்வி_கும்பகோணம் | 19-ஆம் நாள், மாலை 6:30

தஞ்சாவூர் போய் வந்தோம். நான்கு மணி நேரம் வரிசை. சர்ஜன் கழுவிப் பார்த்தார். பெரும்பகுதி மூடிக்கொண்டு வருகிறது, களிம்பை நிறுத்திவிட்டுப் பாரஃபின் காஸ், இரண்டு நாளைக்கு ஒரு முறை என்றார். மணிக்கட்டுப் பக்க இடம் ஆழம்தான். வெள்ளைப் பொருக்கை அங்கேயே எடுத்தார், அடியில் ரத்தம் துளித்துளியாக வந்தது. அது நல்ல அறிகுறியாம். அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளி கலந்த ஸ்பாஞ்சு மாதிரி ஒரு கட்டு, வாரம் இரண்டு முறை மாற்ற வேண்டும். பத்து நாளில் சுருங்கவில்லை என்றால் தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து வைக்கலாம் என்றார்.

சர்க்கரை 240 என்றதும் முகம் மாறிவிட்டது. "களிம்பை நாள் எண்ணிட்டு இருந்தீங்க, இதை எண்ணலையா?" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு இன்சுலின்.

இன்னொன்று கேட்க வேண்டும். அத்தை முட்டை, மீன் எல்லாம் கொடுக்கக் கூடாது, புண்ணில் சீழ் வைக்கும் என்று 16 நாளும் ரசம் சாதம்தான் போட்டிருக்கிறார்கள்.

ஓய்வு_ஸ்டாஃப்நர்ஸ் | மாலை 6:55

தோல் எதிலிருந்து முளைக்கும், ரசத்திலிருந்தா? தினம் இரண்டு முட்டை கொடுங்கள், பருப்பு, மீன், எது பிடிக்குமோ அது. சர்க்கரை கணக்கு பார்த்துக்கொண்டு. எங்கள் வார்டில் டயட் சீட்டில் முட்டை எழுதினால் சொந்தக்காரர்கள் அதை ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். காக்கா தின்னும்.

களிம்பை நிறுத்திய பிறகு கவனிக்க வேண்டியது: வலி திரும்பக் கூடுவது, சிவப்பு புண் எல்லையைத் தாண்டிப் பரவுவது, நாற்றம், பச்சையாகவோ மஞ்சளாகவோ சீழ், காய்ச்சல், ரோஜாவாக இருந்த இடம் கறுப்பது. இதில் எது வந்தாலும் பழைய டப்பாவை எடுக்காமல் டாக்டரிடம் போங்கள்.

செல்வி_கும்பகோணம் | 31-ஆம் நாள், இரவு 8:50

எல்லோருக்கும் ஒரு செய்தி. தோல் எடுத்து வைக்க வேண்டி வரவில்லை. மணிக்கட்டுப் பக்க இடமும் முந்தாநாள் மூடிவிட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் சிவந்து, விரலால் தடவினால் வரம்பு மாதிரி தட்டுப்படுகிறது. தழும்பு தடிக்காமல் இருக்க சிலிக்கான் ஷீட் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள், மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கப் பயிற்சி. மற்ற இடம் ரோஜா நிறம், பயங்கர அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்றார்கள், முழுக்க மூடின பிறகுதான். வெயிலில் போனால் முழுக்கைச் சட்டை. அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கோலம் போடுகிறார்.

பிளாஸ்டிக்_பிஜி | இரவு 9:05

ரொம்ப சந்தோஷம். அரிப்புக்குச் சொறிய விடாதீர்கள், புதுத் தோல் காகிதம் மாதிரி கிழியும். சிலிக்கான் ஷீட்டை மாதக் கணக்கில் போட வேண்டி வரும், இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

மருந்துக்கடை_மதுரை | இரவு 9:30

தங்கச்சி, மிச்ச டப்பா என்ன ஆயிற்று? திறந்த டப்பாவை அடுத்த ஆளுக்குக் கொடுக்காதீர்கள். விரல் விட்டு எடுத்திருப்பீர்கள். நிறம் கறுத்திருந்தால் அதுவும் வீண், குப்பைதான். நானும் இப்போது கடையில் இந்த டப்பா கொடுக்கும்போது, "தினம் கழுவிட்டுப் போடுங்க, அஞ்சாம் நாள் டாக்டர்கிட்ட புண்ணைக் காட்டுங்க" என்று மூடி மேல் எழுதித்தான் கொடுக்கிறேன். ஒருத்தர் "இதுக்கு எக்ஸ்ட்ரா காசா?" என்று கேட்டார்.

செல்வி_கும்பகோணம் | இரவு 9:44

நீங்கள் கேட்டதும் போய்த் தேடினேன் அண்ணே. அம்மா தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது.